அரபிக்கடலுக்குப் போன மழையைக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பியவர்: யார் இந்த பென்னிகுயிக்?

தேனி மாவட்டம் கோம்பையில் நின்று மேற்கே பார்த்தால் சுவர் எழுப்பின மாதிரி மலை நிற்கும். உச்சியில் ராமக்கல்மேடு. ஜூன், ஜூலை மாதங்களில் அந்த உச்சியை மேகம் மூடிக்கொள்ளும். மேலே மழை கொட்டும். கீழே கோம்பைக்கு வந்து சேர்வது ஆளைத் தள்ளும் காற்றும், எப்போதாவது கொஞ்சம் சாரலும்தான்.

இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறார்கள். அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த தண்ணீரை எல்லாம் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டும்போது அது வெறும் காற்று. தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைக்குக் கிழக்கே படகோனியா வறண்டு கிடப்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

தேனி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 830 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், பெரியாறு காடுகளில் அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் ஒரே மலையின் இரண்டு பக்கமும் இரண்டு உலகம். அங்கே வானத்தை மறைக்கும் பசுமைமாறாக் காடு, வெடிப்பலா மரம், அதன் பழத்தைத் தின்னும் சிங்கவால் குரங்கு, யானை, காட்டுமாடு. இங்கே வேல மரமும் கள்ளியும் முள்ளுக்காடும், மயிலும் முயலும். ஊர் பெயரிலேயே புகழ்பெற்ற கோம்பை நாய், செவலை உடம்பும் கருத்த மூஞ்சியுமாக, இந்த வெயிலுக்கும் முள்ளுக்கும் பழகிப்போன வேட்டை நாய்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே மலையைக் குடைந்து தண்ணீரைக் கொண்டுவந்தவர்தான் ஜான் பென்னிகுயிக்.

யோசனை அவருடையது அல்ல

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பென்னிகுயிக் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை இதற்காக ஆட்களை மலைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். வைகையின் கடைமடையில் இருந்த சீமைக்குத்தான் தண்ணீரின் அருமை நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் செலவுக்கு வழியில்லை.

1808-ல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஆய்வு செய்து, இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு. அவர் அப்போது பிறக்கவே இல்லை.) 1850-ல் சிறிய அளவில் ஒரு வேலை தொடங்கி, நோய்க்குப் பயந்து பாதியில் நின்றது. 1867-ல் மண் அணைக்கு ஒரு திட்டம் வந்தது. அதுவும் காகிதத்தோடு போனது.

அதன் பிறகு 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பஞ்சம் ஓய்ந்த பிறகுதான், தண்ணீருக்குச் செலவு செய்யாமல் இருப்பதன் விலை என்ன என்று அரசாங்கத்துக்கு உறைத்தது. 1882-ல் பெரியாறு திட்டத்தைப் புதிதாகத் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 41.

அப்பா முகம் பார்த்த வயது எட்டு வரை

பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15, புனேயில். அப்பாவும் ராணுவ அதிகாரி, அவர் பெயரும் ஜான் பென்னிகுயிக். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் அப்பாவும், 17 வயதே ஆன அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். தம்பிக்கு எட்டு வயது முடிய இரண்டு நாள் பாக்கி.

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், பிறகு அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியிலும் படித்தார். 1858-ல் மதராஸ் பொறியாளர் படையில் இடம் கிடைத்தது, 1860-ல் இந்தியா வந்தார். நடுவே அபிசீனியப் போருக்கும் (இன்றைய எத்தியோப்பியா) போய் வந்தார். 1879-ல் கிரேஸ் ஜார்ஜியானாவைத் திருமணம் செய்துகொண்டார். பிள்ளைகள் ஆறு பேர். கிரிக்கெட் என்றால் உயிர். மற்றபடி அவர் வாழ்க்கையில் பெரிய பரபரப்பு எதுவும் இல்லை, பெரியாறு வரும் வரை.

நடுக்காட்டில் எட்டு வருஷம்

அணை கட்டவேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1886 அக்டோபர் 29 அன்று 8,000 ஏக்கர் நிலத்துக்கு 999 ஆண்டு குத்தகை கையெழுத்தானது. ஏக்கருக்கு வருஷத்துக்கு ஐந்து ரூபாய். இன்றைக்கும் இரு மாநிலங்களுக்கு இடையே கொதிக்கும் விவகாரத்தின் வேர் இந்தக் காகிதம்தான்.

1887-ல் வேலை தொடங்கியது. சாலை கிடையாது, பக்கத்தில் ஊர் கிடையாது. கூடலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்து தேக்கடிக்குக் கம்பிவடம் கட்டிச் சரக்கு ஏற்றினார்கள். மாட்டுவண்டிகளும் மலையேறின. சிமெண்ட் பரவலாக வராத காலம் என்பதால் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்த கலவையும் கருங்கல்லும்தான் அணையின் உடம்பு.

காட்டாறு சும்மா இருக்குமா? மழைக்காலத்தில் வெள்ளம் வந்து தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டினார்கள், திரும்பப் போனது. வெள்ளம் வடிந்தால் அடுத்துக் காய்ச்சல். யானைக்கும் புலிக்கும் பயந்ததைவிட அங்கே ஆட்கள் பயந்தது காய்ச்சலுக்குத்தான். மலேரியாவை கொசு பரப்புகிறது என்பதே 1897-ல்தான் நிரூபணமானது. அணை அதற்கு இரண்டு வருஷம் முன்பே கட்டி முடிந்துவிட்டது. அதாவது, எது கொல்கிறது என்றே தெரியாமல் அந்தக் காட்டில் வேலை செய்தார்கள்.

கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்பது அரசுக் கணக்கு.

1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். 5,700 அடிக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் வழியாக, மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் கிழக்கே இறங்கி, வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் கலந்தது. ஆஸ்திரேலியா தன் பனிமலை நீரை மலைக்கு அந்தப் பக்கம் திருப்பும் பிரம்மாண்ட திட்டத்தைத் தொடங்கியது 1949-ல். பெரியாறு அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது.

தண்ணீர் வந்த பக்கம்

லோயர் கேம்ப்பில் இருந்து ஆற்றோரமாகக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது இந்தத் தண்ணீரால்தான். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் இதை நம்பி இருக்கின்றன. மழை மறைவில் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கில் நாற்று நடுவது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் கோம்பை மாதிரி ஆற்றை விட்டு விலகி, மலையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களுக்கு அந்த வாய்ப்பு உடனே வரவில்லை. லோயர் கேம்ப்பில் இருந்து வரும் 18-ஆம் கால்வாய் வெட்டப்பட்டது எவ்வளவோ காலம் கழித்து. அதுவும் அணையில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால்தான் திறப்பார்கள். கண்மாய் நிரம்பினால் கிணறு ஊறும், அவ்வளவுதான் கணக்கு. முல்லைப் பெரியாறு நீர்மட்டம் எத்தனை அடி என்று டீக்கடையில் பேச்சு நடப்பது இதனால்தான்.

தண்ணீர் தேங்கிய பக்கம்

இங்கே பலரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அணை கட்டியதும் 26 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பள்ளத்தாக்குக் காடு தண்ணீருக்குள் போனது. தேக்கடியில் படகில் போனால், ஏரிக்கு நடுவே பட்டுப்போன அடிமரங்கள் இன்றும் குத்திட்டு நிற்பதைப் பார்க்கலாம். மூழ்கிய காட்டின் மிச்சம் அது. இப்போது நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அதில் உட்கார்ந்து சிறகு காயவைக்கின்றன.

அதே ஏரிதான் மிச்சக் காட்டைக் காப்பாற்றியது என்பது விசித்திரம். ஏரி வற்றாமல் இருக்க வேண்டுமானால் சுற்றியுள்ள காடு இருக்க வேண்டும். 1899-ல் ஏரியைச் சுற்றி வனம் ஒதுக்கப்பட்டது. அது 1934-ல் வேட்டை விலங்குச் சரணாலயமாகவும், 1950-ல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978-ல் புலிகள் காப்பகமாகவும் வளர்ந்தது. சுற்றிலும் இடுக்கி மலைகள் ஏலமும் தேயிலையுமாக மாறியபோது இந்தக் காடு மட்டும் காடாகவே நின்றது.

இன்னொன்றும் உண்டு. தமிழகத்துக்குத் தண்ணீர் எடுக்கும் வாய் 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவர முடியாது. எவ்வளவு கடுமையான கோடையிலும் ஏரி முழுசாகக் காலியாகாமல் இருப்பதற்கு இது முக்கியமான காரணம். யானைக் கூட்டமும் காட்டுமாடும் நீர்நாயும் ஏப்ரலில் அந்தக் கரைக்கு வருவது இந்த மிச்சத் தண்ணீருக்காகத்தான். பென்னிகுயிக் யானையை நினைத்து அந்த மட்டத்தை வைக்கவில்லை. சுரங்கத்துக்குத் தோதான உயரம் அது. லாபம் யானைக்கும் கிடைத்தது.

மனைவி நகையை விற்றாரா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் கதை இது. அரசு பணம் தர மறுத்ததால் இங்கிலாந்து சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையைக் கட்டினார் என்பார்கள். தேனிப் பக்கம் இதை நம்பாதவர்களைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் ஆவணங்கள் சொல்வது வேறு: இது சென்னை அரசாங்கத்தின் திட்டம், அரசாங்கத்தின் பணம். பாசன வரி மூலம் போட்ட பணத்தை எடுக்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது.

கதையைக் கழித்துவிட்டாலும் அவர் உயரம் குறையப் போவதில்லை. வெள்ளம் கொண்டுபோனதைத் திரும்பத் திரும்பக் கட்டியது போதும். நகைக் கதை பெரிதாகப் பெரிதாக, மறைந்துபோவது அந்த 483 பேர்தான். அணைக்குப் பக்கத்தில் கல்லறைகள் இருக்கின்றன. செத்தவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அதன் பிறகு

1896-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனவர், கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவரானார். 1899-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றி ஆலோசனை சொல்லவும் அழைக்கப்பட்டார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார்.

பிறந்தநாள் ஜனவரி 15 என்பதால் அது பொங்கலோடு சேர்ந்தே வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கும் ஊர்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்றே பெயர் வைத்த வீடுகளும் உண்டு. லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022-ல் தமிழக அரசு சார்பில் கேம்பர்லியிலும் அவருக்குச் சிலை வைத்தார்கள்.