தோரோவின் ஸ்வாத்யாயம்

சாஸ்திரங்களை நாள்தோறும் ஓதிச் சிந்திப்பதை நம் முன்னோர் ஸ்வாத்யாயம் எனப் போற்றினர். பாரதத்தை ஒருமுறையேனும் கண்டிராத அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் வாழ்விலும் அத்தவம் அமைந்திருந்தது.

1817, ஜூலை 12 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பென்சில் தயாரிப்பது குடும்பத் தொழில். 1837-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1841-இல் சிந்தனையாளர் எமர்சனின் இல்லத்தில் தங்கி, வீட்டுப் பணிகளைச் செய்துவந்தார். அங்கிருந்த நூல்களுள் மனுஸ்மிருதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவரைப் பெரிதும் ஈர்த்தது. உள்ளத்தில் பதிந்த பகுதிகளைக் கைப்பட எழுதி வைத்துக்கொண்டார். அவ்வாறு தேர்ந்த பகுதிகள் 1843-இல் 'டயல்' இதழில் வெளிவந்தன.

1845, ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் குடியேறினார். ஈராண்டுகளுக்கும் மேலாக நீடித்த அத்தனிமை வாழ்வில், 1785-இல் வெளியான சார்லஸ் வில்கின்ஸின் கீதை மொழிபெயர்ப்பு அவருக்குத் துணையாயிற்று. ஆயினும் படித்ததை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கீதையின் உயர்வை மனமாரப் போற்றிய அவருக்கு, அர்ஜுனன் போரிட வேண்டும் என்பதற்குக் கூறப்பட்ட காரணங்கள் நிறைவளிக்கவில்லை. 1849-இல் வெளிவந்த தமது முதல் நூலில் அதை வெளிப்படையாகவே எழுதினார். ஐயம் எழுந்ததால் அவர் நூலை மூடிவிடவில்லை; மேலும் மேலும் பயின்றார். ஹரிவம்சத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து ஏழு அந்தணர்களின் பிறவிகளைக் கூறும் கதையை ஆங்கிலத்தில் ஆக்கினார். அது அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை. புகழை நாடாமல், தம் பயிற்சிக்காகவே அவர் செய்த பணி அது.

அப்பயிற்சி ஏட்டோடு நிற்கவில்லை. அடிமை முறைக்குத் துணைநின்ற அரசுக்கு வரி செலுத்த மறுத்து, 1846-இல் ஓரிரவு சிறையில் இருந்தார். தப்பி வந்த அடிமைகள் கனடா செல்ல உதவினார். எளிய வாழ்வும் அஞ்சாத உள்ளமும் அவரிடம் இணைந்திருந்தன.

1855-இல் தாமஸ் சோல்மண்ட்லி என்னும் ஆங்கிலேய நண்பர் 44 நூல்களை அவருக்கு அனுப்பி வைத்தார். ரிக்வேதம், விஷ்ணு புராணம், கீதை ஆகியவற்றின் மொழிபெயர்ப்புகளும் அவற்றுள் இருந்தன. அவை வந்து சேரும் செய்தி அறிந்ததும், ஆற்றில் மிதந்து வந்த மரத்துண்டுகளைக் கொண்டு தம் கையாலேயே ஒரு புத்தக அடுக்கைச் செய்து முடித்தார். வரவிருக்கும் அதிதிக்கு ஆசனம் அமைப்பது போன்றிருந்தது அச்செயல்.

காசநோயால் நலிவுற்ற தோரோ, 1862, மே 6 அன்று தமது 44-ஆம் வயதில் உடலை நீத்தார். அந்நூல்களுள் சிலவற்றை எமர்சனுக்கு விட்டுச் சென்றார்.

குருவின் நேரடி வழிகாட்டலோ சம்ஸ்கிருதப் பயிற்சியோ அவருக்கு வாய்க்கவில்லை. கிடைத்த மொழிபெயர்ப்புகளைச் சிரத்தையுடன் பயின்றார். கேள்வி எழுந்தபோது நேர்மையாகக் கேட்டார். உண்மை எனக் கண்டதை வாழ்ந்து காட்டினார். சாஸ்திர நூல்கள் நம் இல்லங்களில் எளிதில் கிடைக்கின்றன. அவற்றைத் திறப்பதற்கான சிரத்தையை நாம் தோரோவிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.