நீதிமன்றமும் நாடகமேடையும்

தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு சென்னையில் விஜயரங்க முதலியாருக்கும் மாணிக்கவேலு அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று, சட்டமும் கற்று, வழக்கறிஞராய்த் திகழ்ந்தவர். இத்தகையவருக்கு இளமையில் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பு என்பது வியப்புக்குரியது. கூத்தாடி என்பது வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. நற்குடும்பத்துப் பிள்ளைகள் மேடையேறுவதைப் பெற்றோர் இழிவாகவே கருதினர்.

1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். அவரும் வழக்கறிஞரே. கற்றறிந்தோர் கூச்சமின்றி வேடம் புனைந்து நின்ற காட்சி இளைஞர் சம்பந்தத்தின் உள்ளத்தை அடியோடு மாற்றிற்று. தமிழிலும் இது ஏன் இயலாது என்னும் எண்ணம் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாளிலேயே நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு!

சபையில் நடித்தோர் கூலி பெறாதவர்கள். பகலெல்லாம் அலுவல், மாலையில் ஒத்திகை. ஜொகூர்த் தோட்டங்களில் காலையில் பால்மரம் சீவிவிட்டு, திருவிழா இரவில் கோயில் திடலில் அரிதாரம் பூசி நின்ற முன்னோரைக் கண்டவர்களுக்கு அவ்வார்வம் எத்தகையதென விளக்க வேண்டியதில்லை.

விடிய விடியப் பாட்டாகவே நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்திற்குச் சுருக்கி, உரைநடைக்கு முதலிடம் தந்தவர் முதலியார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும், வெனிஸ் வணிகனை வாணீபுரத்து வணிகனாகவும் தமிழாக்கினார். அவர் எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கு மேற்பட்டவை. அவற்றுள் மனோகரனே மக்கள் நெஞ்சில் நிலைத்தது. தொழில்முறைக் குழுவினரும் அதனை விரும்பி நடித்தனர். சிறுவராயிருந்த டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவினருக்கு அதனை அவரே நேரில் பயிற்றுவித்தார்.

மேடையில் அவருக்கு இணையாகப் பெண் வேடம் ஏற்றவர் ஆருயிர் நண்பர் ரங்கவடிவேலு. அவர் நாயகனாக நிற்க, நண்பர் நாயகியாக நிற்பது ஆண்டுக்கணக்கில் சபையின் வழக்கமாயிற்று. அந்நண்பர் 1920களில் மறைந்தது முதலியாருக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு. ஒரு துணைவரை இழந்த துயரமே அது. எனினும் மேடையை அவர் துறக்கவில்லை. 1924 முதல் 1928 வரை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றினார்.

மேடைக்கு அப்பால் சிவத்தலங்களிலும் அவருக்குப் பேரீடுபாடு உண்டு. இந்தியாவிலும் அப்பாலும் உள்ள சிவாலயங்களைப் பற்றி நூல் எழுதியுள்ளார்.

1936இல் மனோகரா திரைப்படமானது. ஒரு காலத்தில் மேடையில் மனோகரனாக நின்றவர், அறுபது வயதைக் கடந்த நிலையில், மகனைச் சங்கிலியால் பிணிக்க ஆணையிடும் மன்னன் புருஷோத்தமனாக அப்படத்தில் தோன்றினார். 1954இல் அதே கதை சிவாஜி கணேசன் நடிப்பில் மீண்டும் திரைக்கு வந்தபோதும் அவர் வாழ்ந்திருந்தார்.

1959இல் பாரத அரசு பத்ம பூஷண் விருதளித்தது. ஆறு பாகங்களாக நாடகமேடை நினைவுகளை எழுதி வைத்த அப்பெரியார், 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், தமது 91ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.