இலைகளோடு விழித்திருந்தவர்

எங்கள் விடுதி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. பொழுது சாயும்போது அதன் இலைகள் கூம்புவதை மூன்றாண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. உயிரியல் மாணவனான எனக்கு அக்கேள்வியைக் கற்றுத் தந்தவர் சார்லஸ் டார்வின்.

1809இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பெரியில் பிறந்த டார்வின், மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார். 1842இல் கென்ட் வட்டாரக் கிராமம் ஒன்றில் குடியேறினார். தீராத உடல்நலக் குறைவோடு இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். 1851இல் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தார். 1859இல் பரிணாம நூலை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார்.

நண்பர்களே, என்னை ஈர்த்தது அவரது முதுமைக்காலம். 1876இல் மகன் பிரான்சிஸின் மனைவி, குழந்தை பிறந்த சில நாள்களில் இறந்தார். கைக்குழந்தையோடு பிரான்சிஸ் தந்தையின் வீட்டுக்கே வந்துவிட்டார். துயரத்தில் இருந்த மகனும் நோயுற்ற தந்தையும் சேர்ந்து செடிகளை ஆராய்ந்தனர்.

இரவில் கூம்பும் இலைகளைத் தக்கையில் ஊசியால் பொருத்தி, கூம்பவிடாமல் குளிரில் வைத்தனர். அவை மற்ற இலைகளைவிட அதிகம் கருகின. புல் நாற்றின் நுனியை ஒளி படாமல் மூடினால் அது ஒளியை நோக்கி வளையவில்லை. அடிப்பகுதியை மட்டும் மூடினால் வளைந்தது. எனவே, ஒளியை உணரும் நுனியிலிருந்து கீழே ஏதோ ஒரு செய்தி செல்கிறது என்று முடிவு செய்து, 1880இல் நூலாக வெளியிட்டனர்.

அக்காலத் தாவர உடலியலில் முதன்மையானவராகிய ஜெர்மானியர் ஜூலியஸ் சாக்ஸ் அதை ஏற்க மறுத்தார். பிரான்சிஸ் அவரது ஆய்வுக்கூடத்தில் பயின்றவர் என்பதால் அம்மறுப்பு எவ்வளவு வலித்திருக்கும்! 1882 ஏப்ரல் 19இல் டார்வின் மறைந்தார்.

செய்தியைச் சுமக்கும் ஆக்சினை 1920களில் வென்ட் பிரித்தெடுத்தார். நீல ஒளியை உணரும் ஏற்பியான ஃபோட்டோட்ரோபின் 1990களில் கண்டறியப்பட்டது. நாற்றை வளைப்பதும், இலையை ஒளிக்கேற்ப நிறுத்துவதும், செல்லுக்குள் பசுங்கணிகங்களை நகர்த்துவதும் இதன் வேலைகள். மங்கிய ஒளியில் பசுங்கணிகங்கள் செல்லின் மேற்புறம் பரவி ஒளியை வாங்குகின்றன; கடும் வெயிலில் பக்கச் சுவரோரம் ஒதுங்குகின்றன. ஒதுங்க இயலாத செடிகளின் இலைகள் கடும் ஒளியில் சேதமடைவதை 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். தூங்குமூஞ்சி மரத்தின் உறக்கம் சற்று வேறு. அதன் உள்கடிகாரமும் ஃபைட்டோக்குரோம் என்னும் மற்றோர் ஏற்பியும் இலையடிப் புடைப்பில் நீரை ஏற்றி இறக்குகின்றன.

என் ஆய்வுக்கு வளர்த்த நாற்றுகள் இருமுறை வாடிவிட்டன. பாடத்தையே மாற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். எழுபது வயதில் குளிர் இரவுகளில் இலைகளைக் கவனித்துக்கொண்டிருந்த அப்பெரியவர் நினைவுக்கு வந்தார். நேற்று மூன்றாம் முறையாக விதைத்திருக்கிறேன்.