முடி சூட்டியவர், முடி சூடாதவர்

பண்டிகைக்குத் துணி எடுக்கத் தியாகராய நகருக்குப் போகாத குடும்பம் நம்மில் ஏது? பாண்டி பஜாரின் சந்தடியிலிருந்து சற்றே விலகி நடந்தால் திருமலைப் பிள்ளை சாலை வரும். அங்கே ஒரு வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது. முன்பு அது வாடகை வீடு. பாரதத்திற்கு இரண்டு பிரதமர்களைத் தேர்ந்து தந்த பெருந்தலைவர் காமராசர் பல்லாண்டு குடியிருந்ததும் கண் மூடியதும் அங்கேதான்.

அவர் 1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் விருதுப்பட்டியில் பிறந்தார். அவ்வூரே பின்னாளில் விருதுநகராயிற்று. தந்தையார் குமாரசாமி நாடார், அன்னையார் சிவகாமி அம்மையார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று அழைத்தார்கள். தாய்க்கோ அவர் ராஜா. இரண்டும் கலந்து காமராஜ் ஆயிற்று. ஆறு வயதிலே தந்தையை இழந்தார். அன்னை தம் நகைகளை விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். பிள்ளையின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமனின் துணிக்கடையில் உட்கார்ந்து முழம் போடவேண்டிய நிலை.

அந்தக் கடையில் அவர் மனம் ஒட்டவில்லை. 1919இல் ஜாலியன்வாலாபாகில் நடந்த படுகொலைச் செய்தி அவரைக் காங்கிரஸ் பக்கம் இழுத்தது. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு அலிப்பூர்ச் சிறைக்குப் போனார். அதன்பின் வேலூர், அமராவதி என்று சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. பள்ளியில் விட்ட படிப்பைச் சிறையில் தொடர்ந்தார்; ஆங்கிலப் பத்திரிகைகளைப் படிக்கவும் கற்றார். சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தவர், அந்த வேலையை முழுமையாகச் செய்ய இயலாதென்று கூறி உடனே விலகினார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் பழக்கம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

அவருடைய அரசியல் குரு தீரர் சத்தியமூர்த்தி. அவர் 1943இல் காலமானார். 1947 ஆகஸ்ட் 15 அன்று காமராசர் முதலில் போனது குருவின் வீட்டிற்கு. அங்கே கொடியேற்றிய பிறகே மற்ற விழாக்களுக்குச் சென்றார்.

1954 ஏப்ரலில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். தலைமைத் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற திரு. சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த திரு. பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். மொத்தம் எட்டே அமைச்சர்கள்.

அணைகளையும் ஆலைகளையும் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லும். கிண்டித் தொழிற்பேட்டையும் ஐ.ஐ.டி.யும் அவர் ஆட்சிக் காலத்தில் எழுந்தவையே. நாம் சற்று நின்று பார்க்க வேண்டியது பள்ளிக்கூடத்தை. ஒருமுறை காரில் போகும்போது மாடு மேய்க்கும் சிறுவனிடம், பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சோறு நீ போடுவாயா என்று பையன் திருப்பிக் கேட்டானாம். கதையோ நிகழ்ச்சியோ, 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊர்மக்களின் நன்கொடையே அடுப்பு மூட்டியது. பின்பு அரசும் பங்கேற்றது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், பள்ளிகளில் சீருடையும் அவர் காலத்தில் பரவின. நாம் காலையில் முணுமுணுத்துக்கொண்டே அணியும் சீருடைக்கு, பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் கூசாமல் அமர வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி மூன்றும் 1955இல் கிடைக்கலாயின. கிறிஸ்தவ சபைகள் நடத்திய பள்ளிகளில் காலமெல்லாம் கற்பித்து வெறுங்கையோடு வீடு திரும்பிய ஆசிரியைகளுக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

இத்தனை ஊராரின் பிள்ளைகளுக்குச் செய்தவர் தம் தாயைச் சென்னைக்கு அழைத்து வைத்துக்கொள்ளவில்லை. அம்மா வந்தால் உறவினர் வருவர். உறவினர் வந்தால் சிபாரிசு வரும் என்று அஞ்சினார். மாதந்தோறும் சிறு தொகை அனுப்புவார். கூட்டிக் கேட்டாலும் கூட்டமாட்டார். நகராட்சியார் அன்னையின் வீட்டிற்குத் தனிக் குழாய் போட்டுக் கொடுத்ததை அறிந்து, அதை எடுக்கச் செய்தார் என்பர். திருமணமும் செய்துகொள்ளவில்லை. மாணவியரே, இந்தப் பகுதியைப் படிக்கையில் எனக்கு மகனைவிட அந்தத் தாயின் மீதே நினைவு போகிறது. முதலமைச்சரைப் பெற்றவர் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க நேர்ந்தது சரிதானா? வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும்.

1963இல், மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் கூறிய யோசனையே காமராஜ் திட்டம். தாமும் அக்டோபர் 2ஆம் நாள் விலகினார். அடுத்த ஆண்டு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். 1964 மே 27இல் நேருஜி மறைந்தார். நேருவுக்குப் பின் யார் என்று உலகமே கேட்ட நேரம். காமராசர் கட்சித் தலைவர்கள், முதலமைச்சர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள் எனப் பலரையும் தனித்தனியே கலந்தார். ஒரே வாரத்தில் லால்பகதூர் சாஸ்திரி போட்டியின்றித் தேர்வானார். 1966 ஜனவரி 11இல் தாஷ்கண்டில் சாஸ்திரியும் மறைந்தார். இம்முறை காமராசரே பிரதமராக வேண்டும் என்று தலைவர்கள் வற்புறுத்தினர். இந்தியும் சரளமான ஆங்கிலமும் இல்லாத தமக்கு அது பொருந்தாதென்று மறுத்துவிட்டார். நேருவின் புதல்வி இந்திரா காந்தியை ஆதரித்தார். மொரார்ஜி தேசாயை எதிர்த்து 355க்கு 169 என்ற கணக்கில் இந்திரா வென்றார்.

தம்மால் உயர்ந்தவர் தம் சொல்லுக்கு அப்பால் போவார் என்று அவர் எண்ணியிருப்பாரா, தெரியாது. 1967இல் இந்தி எதிர்ப்பும் அரிசிப் பஞ்சமும் சேர்ந்து வீச, சொந்த ஊராம் விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. அவர் ஒரு பக்கம், இந்திரா ஒரு பக்கம். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. உடன் உழைத்தவர்கள் சிறைப்பட்ட செய்தி அந்த முதியவரை மிகவும் வருத்திற்று.

நூறு நாளுக்குள் அக்டோபர் 2 வந்தது. பதவி துறந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள்; காந்தியடிகளின் பிறந்த நாளும் கூட. பிற்பகலில் உறங்கி எழுந்தவருக்கு உடல் வியர்த்தது. டாக்டரை அழைக்கச் சொன்னார். உதவியாளரிடம் விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொல்லிப் படுத்தார். டாக்டர் வந்தபோது உயிர் பிரிந்திருந்தது.

அந்த வீட்டில் எஞ்சியவை சில வேட்டி சட்டைகளும், புத்தகங்களும், நூற்றுச் சொச்சம் ரூபாயும். இறுதிச் சடங்கிற்கு டில்லியிலிருந்து பிரதமர் இந்திரா காந்தி வந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. அடையாற்றிலிருந்து கிண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், காந்தி மண்டபத்தை அடுத்து அவர் நினைவிடம் வரும்.