சொல்லாமல் செய்த வீரர் – ஜினோ பார்த்தலி



இத்தாலி நாட்டின் வடக்கே, கோமோ ஏரிக்கு அருகில், 754 மீட்டர் உயரத்தில் கிசால்லோ என்னும் இடத்தில் அன்னை மரியாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் சுவரெங்கும் சைக்கிள்கள், பந்தய வீரர்களின் வண்ணச் சட்டைகள், விபத்தில் இறந்தவர்களின் படங்கள். கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் மலையேறி வருகிறவர்கள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு அன்னையின் முன் சற்று நேரம் நிற்கிறார்கள். அப்பகுதியின் பங்குத்தந்தை எர்மெலிந்தோ விகனோ அவர்களின் முயற்சியால், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1949ஆம் ஆண்டில் கிசால்லோ அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, அதே திருத்தந்தை ஏற்றிய தீபத்தை, வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றி அந்த ஆலயம் வரை சைக்கிளிலேயே கொண்டு வந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஜினோ பார்த்தலி. சைக்கிளின் வரலாற்றில் மாபெரும் வீரர். அதைவிட, தான் செய்த நன்மையைப் பிறர் அறியாமல் காத்த கத்தோலிக்கர். அவருடைய வாழ்வை இன்று நாம் சிந்திப்போம்.

பார்த்தலி 1914ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், பிளாரன்ஸ் நகருக்கு அருகிலுள்ள போந்தே ஆ ஏமா என்ற ஊரில், கூலித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய திறமை வெளிப்பட்டது. 1936இல், 21 வயதில், நாட்டையே சுற்றிவரும் 'ஜிரோ டி இத்தாலியா' பந்தயத்தில் வென்றார்.

அந்த மகிழ்ச்சி சில நாள்கூட நிலைக்கவில்லை. அதே ஜூன் மாதத்தில், தம்பி ஜூலியோ ஒரு பந்தயத்தில் நேர்ந்த விபத்தால் இறந்தார். தம்பியும் சைக்கிள் பந்தய வீரர்தான். பார்த்தலி பந்தயத்தையே விட்டுவிட எண்ணினார். அந்தத் துயரத்தில் அவரைத் தாங்கியது விசுவாசமே. சிறு வயது முதல் கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தில் வளர்ந்த அவர், கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் மீது அவருக்குத் தனிப் பக்தி. செய்தித்தாள்கள் அவரைப் 'பக்திமான் ஜினோ' என்று அழைத்தன. அதில் பாராட்டும் இருந்தது, கேலியும் இருந்தது. 1938இல் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் வென்றபோது, அந்த வெற்றியைத் தனக்குப் பெருமையாக்கிக்கொள்ள முசோலினியின் அரசு விரும்பியது. பார்த்தலியோ அதற்கு இணங்கிப் புகழ்மாலை சூட்டவில்லை.

1940 நவம்பரில் பார்த்தலிக்கும் அத்ரியானா பானிக்கும் திருமணத்தை நடத்தி வைத்தவர் பிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா. 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் இத்தாலியைக் கைப்பற்றியதும் யூதர்களைப் பிடித்துச் செல்லத் தொடங்கின. கர்தினால் தம் மறைமாவட்டத்தின் துறவற இல்லங்களைத் திறந்துவிடச் சொன்னார். நகரின் யூத மதகுரு நாதன் கசூத்தோவோடு சேர்ந்து உதவிக்குழு இயங்கியது. மறைந்திருப்போருக்கு வேறு பெயரில் அடையாள அட்டைகள் தேவைப்பட்டன. அவை அசிசி நகரில், லூயிஜி பிரித்சி என்பவரின் சிறிய அச்சகத்தில் இரகசியமாக அச்சிடப்பட்டன. அசிசி ஆயர் நிக்கொலினியும், பிரான்சிஸ்கன் சபை அருட்தந்தை ருஃபினோ நிக்காச்சியும் அதற்குத் துணை நின்றார்கள்.

பிளாரன்ஸ் நகருக்கும் அசிசிக்கும் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். வழியெல்லாம் காவல். ஆனால் நாடறிந்த வீரர் ஒருவர் பயிற்சிக்காகச் சைக்கிளில் போனால் யார் சந்தேகப்படுவார்கள்? கர்தினால் கேட்க, பார்த்தலி இசைந்தார். புகைப்படங்களையும் காகிதங்களையும் சுருட்டி, சீட்டின் கீழுள்ள குழாயிலும் பிரேமுக்குள்ளும் ஒளித்து எடுத்துச் சென்றார் என்றும், காவலர் நிறுத்தினால், பந்தயத்துக்காக நுணுக்கமாகச் சரிசெய்த வண்டியைத் தொடவேண்டாம் எனக் கேட்டுக்கொள்வார் என்றும் சொல்லப்படுகிறது. கோல்டன்பெர்க் என்ற யூதக் குடும்பத்துக்குப் பிளாரன்சில் ஒரு வீட்டின் நிலவறையில் அவர் இடம் கொடுத்தார். அக்குடும்பத்தின் மகன், தாங்கள் உயிர் பிழைத்தது அவரால்தான் என்று முதிய வயதில் சாட்சி சொன்னார். பார்த்தலியை ஒருமுறை பாசிசக் காவல் படை பிடித்து, சித்திரவதைக்குப் பேர்போன 'சோக மாளிகை'யில் வைத்து விசாரித்தது. வீட்டில் இளம் மனைவியும் சிறு குழந்தையும். ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை.

போர் முடிந்தது. 1948இல், 34 வயதை எட்டிக்கொண்டிருந்த பார்த்தலி மீண்டும் 'டூர் டி பிரான்ஸ்' ஓடினார். பாதிப் பந்தயம் முடிந்த நிலையில், முதலிடத்தில் இருந்தவரைவிட 21 நிமிடத்துக்கும் மேலாகப் பின்தங்கி இருந்தார். ஜூலை 14 அன்று உரோமையில் கம்யூனிஸ்ட் தலைவர் தொக்லியாத்தி சுடப்பட்டார். நாடு கொந்தளித்தது. மறுநாள் ஆல்ப்ஸ் மலையில் பார்த்தலி வென்றார். அடுத்த இரு கட்டங்களிலும் வென்றார். முடிவில் 26 நிமிட வித்தியாசத்தில் பந்தயத்தையே வென்றார். முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையே பத்து ஆண்டுகள். உள்நாட்டுப் போரை அவரே தடுத்தார் என்பது மிகையாகலாம். கலங்கிய மக்களுக்கு ஒன்றுசேர்ந்து மகிழ ஒரு காரணம் கிடைத்தது என்பது உண்மை.

இவ்வளவு புகழ் பெற்றவர், போர்க்காலத்தில் செய்ததைப் பற்றிப் பேசவே மறுத்தார். தம் மகன் அந்திரேயாவிடம் சிறிது சிறிதாகச் சொன்னபோதும், வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிறருடைய துன்பத்தை வைத்துத் தான் பெயர் வாங்கக் கூடாது என்பது அவர் எண்ணம். 2000ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் இறந்தார். 2013இல் எருசலேமிலுள்ள யாத் வாஷெம் நினைவகம் அவரை 'நாடுகளிடையே நீதிமான்' என்று அறிவித்தது. கர்தினால் தல்லா கோஸ்தாவுக்கு அதற்கு முந்தைய ஆண்டே அந்தச் சிறப்பு கிடைத்திருந்தது. 2017இல் திருஅவை அவரை வணக்கத்துக்குரியவர் என ஏற்றது.

பார்த்தலியின் மௌனத்துக்கு ஒரு விலையும் உண்டு. அசிசிப் பயணங்களுக்குப் போதிய எழுத்துச் சான்று இல்லை என்று வரலாற்று ஆய்வாளர் சிலர் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். குறிப்பு எழுதி வைக்காதவரின் நன்மைக்குக் கணக்கு எங்கிருந்து வரும்? ஆனால், கணக்கு வைக்காமல் செய்வதுதானே அவர் விரும்பியது. வலக்கை செய்வதை இடக்கை அறியவேண்டாம் என்று மலைப்பொழிவில் இயேசு கற்பித்ததை இவர் தம் சைக்கிளின் மேல் அமர்ந்து வாழ்ந்து காட்டினார்.

நாமோ, ஆலயத்துக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும் அதன் இறக்கையில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினால் நான்கு பேரிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. உதவி பெற்றவரின் தலை அங்கே தாழ்வதை நாம் கவனிப்பதுமில்லை. இந்த வாரம் ஒரே ஒரு நன்மையாவது, பெற்றவரைத் தவிர வேறு யாரும் அறியாமல் செய்வோமா? முடிந்தால் அவர்கூட அறியாமல் செய்வோமா? மறைவில் உள்ளதைக் காணும் நம் வானகத் தந்தை அதற்குரிய மனத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.