ஏற்றுமதி அறையில் தொடங்கிய ஃபேப் இந்தியா: கைத்தறியை நம்பிய ஜான் பிஸ்ஸல்

புது தில்லி: தலைநகரில் மாணவர்கள், பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், தன்னார்வ அமைப்பினர் ஆகியோரிடையே கைத்தறிக் குர்தாவை ஏறத்தாழ ஒரு சீருடையாகவே ஆக்கிய நிறுவனம் ஃபேப் இந்தியா. அதை நிறுவிய ஜான் பிஸ்ஸல் ஓர் அமெரிக்கர். அவர் ஆடை வடிவமைப்பாளர் அல்லர். இந்தியர்களுக்குத் துணி விற்க வேண்டும் என்ற எண்ணத்தில் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அல்லர்.

வெளிநாட்டு ஏற்றுமதிக்கென 1960-ம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பியதற்கும், அதன் பங்குகள் இந்தியர்களின் கைக்கு வந்ததற்கும் அன்றைய மத்திய அரசின் சட்டங்களும் உத்தரவுகளும் முக்கியக் காரணங்களாக இருந்தன. நெசவாளரின் உழைப்பால் வளரும் ஒரு நிறுவனத்தில் நெசவாளருக்கும் உரிமைப் பங்கு உண்டா என்ற கேள்வி, அவருடைய வாழ்க்கையோடும் அவருக்குப் பிந்தைய நிறுவனத்தின் வரலாற்றோடும் சேர்ந்தே வருகிறது.

அரசின் அழைப்பில் வந்தவர்: ஜான் பிஸ்ஸல் 1931-ம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்த அவர், நியூயார்க்கின் புகழ்பெற்ற மேசிஸ் பல்பொருள் அங்காடியில் சரக்குக் கொள்முதல் பிரிவில் பணியாற்றினார். எந்தத் துணி விற்கும், எது அலமாரியில் தேங்கும் என்பதை வாங்குபவரின் கண்ணால் பார்க்கும் பழக்கம் அங்கே அவருக்கு வாய்த்தது.

ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 1958-ம் ஆண்டு அவர் தில்லி வந்தார். மத்திய குடிசைத் தொழில் விற்பனை நிலையத்துக்கு ஆலோசனை கூறுவதே அவருக்கு அளிக்கப்பட்ட பணி. அந்த நிலையத்தை 1952 முதல் நடத்தி வந்தது, விடுதலைப் போராட்ட வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்யாய முன்னின்று வளர்த்த இந்தியக் கூட்டுறவு ஒன்றியமாகும்.

கைத்தறியின் எதிர்காலம் குறித்து நாட்டில் கடும் விவாதம் நடந்து கொண்டிருந்த காலம் அது. ஆலைத் துணியின் போட்டியால் தறிகள் ஓய்ந்து கிடந்தன. வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று, 1952 முதல் 1954 வரை சென்னை முதல்வராக இருந்த ராஜாஜி மத்திய அரசை வலியுறுத்தினார். ஆனால் மத்திய அரசு நியமித்த கனுங்கோ குழுவோ, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என 1954-ல் பரிந்துரைத்தது.

நல்ல வடிவமைப்பும் புதிய சந்தையும் கிடைத்தால் கைத்தறி தன் காலில் நிற்கும் என்பது கமலாதேவி போன்றோரின் நிலை. அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கைவினைப் பொருள் வாரியமும் 1952-ல் அந்த நம்பிக்கையிலேயே அமைக்கப்பட்டன. பிஸ்ஸலை தில்லிக்குக் கொண்டுவந்ததும் அதே நம்பிக்கைதான்.

பாட்டியின் பணமும் இரண்டு அறைகளும்: ஃபோர்டு அறக்கட்டளையின் பணிக் காலம் முடிந்த பிறகு அவர் நாடு திரும்பவில்லை. ஆலோசனை சொல்வதோடு நின்றுவிட்டால் தறிக்கு வேலை கிடைக்காது, வாங்குபவரைத் தேடித் தர வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். பாட்டி விட்டுச் சென்ற 20,000 டாலரை முதலாகக் கொண்டு 1960-ம் ஆண்டு ஃபேப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினார். நிறுவனம் பதிவு செய்யப்பட்டது கனெக்டிகட்டின் கேன்டன் நகரில். அலுவலகமோ தில்லி கோல்ஃப் லிங்க்ஸ் பகுதியில் அவர் குடியிருந்த வீட்டில், படுக்கையறையை ஒட்டிய இரண்டு சிறிய அறைகளில் இயங்கியது.

முதலில் அவர் விற்றது ஆடை அன்று. திரைச்சீலை, படுக்கை விரிப்பு, இருக்கைகளுக்கான துணி, தரை விரிப்பு ஆகியவையே சரக்கு. இவற்றுக்காக அவர் முக்கியமாக நாடியது தில்லிக்கு வடக்கே உள்ள பானிபட் நகரை. தேசப் பிரிவினையின்போது அங்கிருந்த முஸ்லிம் நெசவாளர்கள் பாகிஸ்தானுக்குச் செல்ல, மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்த நெசவாளர்கள் அந்நகரில் குடியேறியிருந்தனர். அங்கு தரை விரிப்புகளும் வீட்டு உபயோகத் துணிகளும் தயாரித்து வந்த ஏ.எஸ். கேரா, பிஸ்ஸலின் முதன்மையான சரக்கு வழங்குநரானார்.

வெளிநாட்டுக் கடைக்குக் கைத்தறித் துணியை விற்பதில் மூன்று தடைகள் உண்டு. ஒவ்வொரு தறியிலும் அகலம் மாறும். ஒவ்வொரு சாயத் தொட்டியிலும் நிறம் மாறும். அறுவடை, திருமணம், திருவிழா எனப் பல காரணங்களால் சரக்கு வரும் நாளும் மாறும். ஒரே அகலம், சாயம் போகாத நிறம், குறித்த தேதி ஆகிய மூன்றையும் எதிர்பார்க்கும் கடைக்காரருக்கும், இவை எதற்கும் பழகாத நெசவாளருக்கும் இடையே நின்று இரு தரப்புக்கும் பொருந்தும் வழியைக் கண்டதே பிஸ்ஸலின் தொழில்.

கைநெசவின் ஏற்ற இறக்கத்தைக் குறையாகக் கருதாமல், அதுவே அத்துணியின் அடையாளம் என்று வாங்குபவர்களை ஏற்கச் செய்ததில் ஃபேப் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. சாந்திநிகேதனில் பயின்ற ஓவியர் ரிதேன் மஜும்தார் அந்நிறுவனத்துக்காக உருவாக்கிய அச்சு வடிவங்கள் அதற்குத் தனி முகத்தைத் தந்தன.

நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் 1965-ல் 20 லட்சம் ரூபாயை எட்டியது. மறு ஆண்டு ஜூன் மாதம் இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசாக மாறியதால், டாலரில் வாங்குவோருக்கு இந்தியத் துணி மலிவானது.

லண்டனில் 1964-ல் ஹேபிடட் என்ற வீட்டு அலங்காரப் பொருள் கடையைத் தொடங்கிய டெரன்ஸ் கான்ரன், ஃபேப் இந்தியாவின் மிகப் பெரிய வாடிக்கையாளரானார். ஹேபிடட் கிளைகள் பெருகப் பெருக, பானிபட் விரிப்புகள் பிரிட்டனின் நடுத்தர வர்க்க வீடுகளுக்குச் சென்றன.

இதற்கிடையே பிஸ்ஸல் 1963-ல் பிம்லா நந்தாவை மணந்தார். தில்லியில் அமெரிக்கத் தூதர்களின் சமூகத் தொடர்புச் செயலராகப் பணிபுரிந்த பிம்லா, பின்னர் உலக வங்கியின் தில்லி அலுவலகத்திலும் பணியாற்றினார்.

நெருக்கடி நிலையில் பிறந்த கடை: நிறுவனத்தின் போக்கை மாற்றிய ஆண்டு 1976. அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973-ல் நிறைவேறி, 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களில் வெளிநாட்டவரின் பங்கு பொதுவாக 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. இதை ஏற்க மறுத்த கோகோ கோலாவும் ஐ.பி.எம். நிறுவனமும் 1977-78-ல் ஜனதா ஆட்சிக் காலத்தில் வெளியேறியது பலரும் அறிந்த வரலாறு.

பிஸ்ஸல் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். ஃபேப் இந்தியா ஓவர்சீஸ் என்ற பெயரில் 1976-ல் இந்திய நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதன் பங்குகளை நண்பர்கள், உறவினர்கள், தம்மோடு பணியாற்றியோர், சரக்கு வழங்கியோர் ஆகியோருக்கு அவர் அளித்தார். சட்டம் கேட்டது இந்தியப் பங்குதாரர்களை மட்டுமே. பெருமுதலாளி எவரையும் நாடாமல், தொழிலில் தம்முடன் நின்றவர்களைப் பங்குதாரர்கள் ஆக்கியது அவரது சொந்த முடிவு.

அதே காலத்தில் தில்லியில் நெருக்கடி நிலையின் கெடுபிடிகள் உச்சத்தில் இருந்தன. குடியிருப்புப் பகுதிகளில் உள்ள வீடுகளில் வணிக நிறுவனங்கள் இயங்கக் கூடாது என்று அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தனர். ஃபேப் இந்தியாவும் இடம் மாற வேண்டியதாயிற்று. தெற்கு தில்லியில் கிரேட்டர் கைலாஷ் என் பிளாக் சந்தையில் அதற்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தில் 1976-ல் நிறுவனத்தின் முதல் சில்லறைக் கடை திறக்கப்பட்டது.

கடை திறந்தபோதும் ஏற்றுமதியே முதன்மையாக இருந்தது. பின்னர் வீட்டுத் துணிகளோடு குர்தா உள்ளிட்ட ஆயத்த ஆடைகளும் சேர்ந்தன. அரசு விற்பனை நிலையங்களில் கைத்தறி என்றால் பழைமை என்றிருந்த நிலையில், விளம்பரம் அதிகம் இல்லாத இந்தக் கடையில் அதே கைத்தறியைப் படித்த இளைஞர்கள் விரும்பி வாங்கினர். கதரின் அரசியல் மரபை அறிந்த ஒரு தலைமுறைக்கு, அந்த மரபின் தொடர்ச்சியாகவும் அன்றாட உடையாகவும் அது இருந்தது.

ஒற்றை வாடிக்கையாளரின் ஆபத்து: ஹேபிடட்டை 1992-ல் ஐக்கியா குழுமம் வாங்கியது. புதிய உரிமையாளர்கள் தங்களுக்கெனத் தனிக் கொள்முதல் ஏற்பாட்டைச் செய்து கொண்டனர். முப்பது ஆண்டுகளாக ஏற்றுமதியைச் சார்ந்திருந்த நிறுவனத்துக்கு இது பேரிடியாகியிருக்கும். நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாயத்தால் திறந்த கடை அப்போது கைகொடுத்தது. தாராளமயமாக்கலால் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் வாங்கும் சக்தி உயரத் தொடங்கிய நேரமும் அதுவே.

அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தும் நிலையில் பிஸ்ஸல் இல்லை. 1993-ல் அவரது உடல்நலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ராஜஸ்தானில் ஜோத்பூருக்கு அப்பால் உள்ள பத்ராஜுனில் 1988 முதல் கைவினைஞர் அறக்கட்டளை அமைத்துப் பணியாற்றி வந்த மகன் வில்லியம், படிப்படியாகப் பொறுப்பேற்றார். ஜான் பிஸ்ஸல் 1998 மார்ச் மாதம் காலமானார். இந்தியாவுக்கு வந்து அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பங்கு யாருக்கு?: அவரது மறைவுக்குப் பிறகே ஃபேப் இந்தியா பெரும் வணிக நிறுவனமாக விரிந்தது. நாடெங்கும் 300-க்கும் மேற்பட்ட கடைகளும் வெளிநாடுகளில் சில கடைகளும் அமைந்தன. முதலீடும் வெளியிலிருந்து வந்தது. வோல்ஃபென்சன் முதலீட்டு நிறுவனம் 2007-லும், பிரான்ஸின் ஆடம்பரப் பொருள் குழுமமான எல்.வி.எம்.எச். சார்ந்த நிதியம் 2012-லும் பங்குகளை வாங்கின.

கைவினைஞர்களையும் உரிமையாளர்களாக்க மகனின் காலத்தில் முயற்சிகள் நடந்தன. சரக்கு வழங்கும் வட்டாரங்கள்தோறும் தனி நிறுவனங்கள் அமைத்து, அவற்றில் 26 சதவீதப் பங்கைக் கைவினைஞர்களுக்கு ஒதுக்கும் திட்டம் 2007-ல் தொடங்கப்பட்டது. பின்னர் 2022 ஜனவரியில், 4,000 கோடி ரூபாய் மதிப்பிலான பொதுப் பங்கு வெளியீட்டுக்கு ஃபேப் இந்தியா செபியிடம் விண்ணப்பித்தது. அந்த ஆவணத்தில், பிம்லா பிஸ்ஸலும் மற்றொரு நிறுவனரும் ஏறத்தாழ 7.75 லட்சம் பங்குகளைக் கைவினைஞர்களுக்கும் விவசாயிகளுக்கும் வழங்கும் எண்ணம் தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் சந்தை நிலவரம் சாதகமாக இல்லாததால் 2023 பிப்ரவரியில் வெளியீடு கைவிடப்பட்டது.

நாட்டின் கைத்தறித் துறையோடு ஒப்பிடும்போது இவை சிறிய எண்ணிக்கைகளே. கைத்தறித் தொழிலாளர்கள் 2009-10 கணக்கெடுப்பில் சுமார் 43 லட்சம் பேர். 2019-20 கணக்கெடுப்பில் அது 35 லட்சமாகக் குறைந்தது. அவர்களின் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுவதாக அதே கணக்கெடுப்பு கூறுகிறது. 1952-ல் உருவான கைத்தறி வாரியமும் கைவினைப் பொருள் வாரியமும் 2020-ல் கலைக்கப்பட்டன.

கைத்தறித் துணிக்கு உலகெங்கும் வாங்குபவர் உண்டு என்பதை ஜான் பிஸ்ஸல் தம் வாழ்நாளிலேயே நிறுவிக் காட்டினார். கனுங்கோ குழுவின் பரிந்துரைக்கு நடைமுறையில் கிடைத்த மறுப்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் துணிக்குச் சந்தை கிடைப்பதும், அதை நெய்பவருக்கு உரிய கூலி கிடைப்பதும் ஒன்றல்ல. 1976-ல் ஒரு சட்டத்தின் கட்டாயத்தால் அவர் பங்குகளைப் பிறருக்கு அளித்தார். நெசவாளரைப் பங்குதாரராக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அது நிறுவனங்களின் மனமுவந்த முடிவையும் பங்குச் சந்தையின் நிலவரத்தையும் பொறுத்ததாகவே இருந்து வருகிறது.