வேட்பாளர் ஆபிரகாம் லிங்கன்



லிங்கன் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பட்டியல்தான். வியாபாரத்தில் தோல்வி, இந்த வருஷம் தேர்தலில் தோல்வி, அந்த வருஷம் மறுபடியும் தோல்வி, கடைசியில் பார்த்தால் ஜனாதிபதி! தன்னம்பிக்கைக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். ஹாஸ்டல் அறைச் சுவர்களில் ஒட்டியும் வைத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பட்டியல் மேல் ரொம்ப நாளாக ஒரு கோபம் உண்டு. அவர் ஜெயித்த தேர்தல்களை எல்லாம் அதில் சௌகரியமாக விட்டுவிட்டார்கள். தொடர்ந்து நாலு தடவை மாநிலச் சட்டசபைக்கு ஜெயித்த மனுஷரை, வாழ்நாள் பூரா தோற்றுக்கொண்டே இருந்தவர் மாதிரி காட்டுவது என்ன நியாயம்? அதனால் இங்கே அவரை ஒரு வேட்பாளராக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தேர்தலில் எதற்காக நின்றார், தோற்றபோதும் தோற்கப்போகிறோம் என்று நினைத்தபோதும் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு வேண்டும்.

அதற்கு முன்னால் அந்த ஊர் ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டசபை உண்டு. கவர்னரையும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம்ம ஊர் மாதிரி நியமனம் இல்லை. மத்தியில் இருப்பது காங்கிரஸ். கட்சி என்று நினைத்துவிடாதீர்கள், அவர்களுடைய பாராளுமன்றத்துக்கே அதுதான் பெயர். பிரதிநிதிகள் சபை, செனட் என்று அதற்கு இரண்டு சபைகள். லிங்கன் காலத்தில் செனட் உறுப்பினரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டு அனுப்புவார்கள். 1913-ல்தான் இது மாறியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கதை லேசாகப் புரியும்.

1809 பிப்ரவரி 12-ல் கென்டகி மாநிலத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசையில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. இருபத்திரண்டு வயதில் இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்ற குட்டி ஊருக்கு வந்து ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மறு வருஷம், 1832-ல், சட்டசபைக்கு வேட்பாளர்! சொத்து இல்லை, படிப்பு இல்லை, சொந்தக்காரர் பலமும் இல்லை. சங்கமன் ஆற்றைச் சீர்படுத்திப் படகு போக்குவரத்து நடத்த வேண்டும், பள்ளிகள் வேண்டும், வட்டிக் கொடுமைக்கு ஒரு வரம்பு வேண்டும். இதுதான் அவர் பத்திரிகையில் வெளியிட்ட அறிக்கை. நடுவில் செவ்விந்தியர்களோடு சண்டை மூண்டு படையில் சேர்ந்துவிட்டதால் பிரச்சாரத்துக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. பதின்மூன்று பேர் நின்றதில் எட்டாவது இடம். முதல் நாலு பேருக்குத்தான் பதவி. ஆனால் அவருடைய ஊர் ஓட்டுச் சாவடியில் விழுந்த 300 ஓட்டில் 277 அவருக்கு! தெரிந்தவர்கள் எல்லோரும் போட்டுவிட்டார்கள், தெரியாதவர்கள்தான் போடவில்லை. அப்படியென்றால் செய்ய வேண்டியது என்ன? தெரிந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதானே!

இங்கேதான் சிவில் பிரிவு நண்பர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். 1833-ல் லிங்கன் துணை சர்வேயர் ஆனார். கணக்குப் பாடம் சரியாகப் படிக்காதவர், சர்வே புத்தகங்களை வாங்கி ராப்பகலாக உட்கார்ந்து தானே படித்துக்கொண்டார். காம்பஸும் செயினுமாகக் காடு மேடெல்லாம் அலைந்தார். பீட்டர்ஸ்பர்க் என்ற ஊரை அளந்து மனை பிரித்துக் கொடுத்தவர் அவர்தான். நாமெல்லாம் சர்வே கேம்ப்பில் மூன்று நாள் வெயிலில் நின்றதற்கே எப்படிப் புலம்பினோம்! அதே சமயம் ஊர் போஸ்ட் மாஸ்டர் வேலையும் அவரிடம் இருந்தது. நிலம் அளக்கப் போகும் வழியில் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு போய் வீட்டு வாசலில் கொடுப்பாராம். ஒரு வேட்பாளருக்கு இதைவிடத் தோதான வேலை உண்டா, சொல்லுங்கள்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. அவருக்கு இந்தச் சர்வே வேலையைக் கொடுத்த ஜான் கால்ஹூன் எதிர்க்கட்சிக்காரர். லிங்கன் விக் கட்சி, அவர் ஜனநாயகக் கட்சி. கட்சியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து வேலை கொடுத்தார். கூட்டாகக் கடை நடத்தி நொடித்துப்போன கடனுக்காக லிங்கனின் குதிரையும் சர்வே கருவிகளும் ஏலத்துக்குப் போயின. பழகிய ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கடனைப் பல வருஷமாக அடைத்துத் தீர்த்தார்.

1834-ல் மறுபடி நின்றார், ஜெயித்தார். 1836, 1838, 1840 என்று வரிசையாக வெற்றி. இடையில் சட்டம் படித்து வக்கீலானார். தலைநகரை வண்டாலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றியதில் இவருக்குப் பெரிய பங்கு. எல்லாமே புகழ்ச்சியாக எழுதினால் நன்றாக இருக்காது, ஆகவே இதையும் சொல்கிறேன். ரயில் பாதை, கால்வாய் என்று 1 கோடி டாலர் அளவுக்கு 1837-ல் இல்லினாய் ஒரு திட்டம் போட்டது. லிங்கனும் அதை மும்முரமாக ஆதரித்தவர். அதே வருஷம் நாடெங்கும் பண நெருக்கடி வந்து திட்டம் படுத்துவிட்டது. மாநிலத்தின் தலையில் கடன்தான் மிச்சம். வேலை முடியாமல் பாதியில் நிற்கும் கட்டடம் எப்படி இருக்கும் என்று நமக்குத்தான் தெரியுமே.

அடுத்து மத்திய சபை. 1843-ல் கட்சிக்குள்ளேயே சீட்டு கிடைக்கவில்லை. போட்டிக்கு நின்ற நண்பர் பேக்கருக்கு ஆதரவாக மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதியாக இவரையே அனுப்பிவிட்டார்கள்! மாப்பிள்ளையாகப் போக வேண்டியவன் மாப்பிள்ளைத் தோழனாகப் போன கதை. 1846-ல்தான் இவர் முறை வந்தது. எதிர்த்து நின்றவர் பீட்டர் கார்ட்ரைட், பேர்போன கிறிஸ்துவப் பிரசாரகர். லிங்கனுக்குத் தெய்வ பக்தி இல்லை என்று ஒரு பேச்சைக் கிளப்பினார்கள். லிங்கன் ஒரு நோட்டீஸ் அடித்துப் பதில் சொன்னார். முடிவு, லிங்கன் 6,340, கார்ட்ரைட் 4,829. டெல்லி மாதிரி அவர்களுக்கு வாஷிங்டன். அங்கே போனதும் மெக்சிகோ மீது நாடு நடத்திய போரைக் கேள்வி கேட்டார். சொந்தத் தொகுதியிலேயே பெயர் கெட்டது. கட்சிக்குள் முறை வைத்து நின்றதால் 1848-ல் அவர் நிற்கவில்லை. ஒரே தடவையோடு ஊர் திரும்பி வக்கீல் தொழிலில் மூழ்கினார்.

மெக்கானிக்கல் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே! 1849 மே 22-ல் லிங்கன் ஒரு பேடன்ட் வாங்கினார், எண் 6,469. மணல் திட்டில் தட்டி நிற்கும் படகை, பக்கவாட்டில் காற்றுப் பைகளை ஊத வைத்துத் தூக்கிவிடும் ஏற்பாடு. யாரும் அதைச் செய்து விற்கவில்லை. ஆனாலும் பேடன்ட் வைத்திருந்த ஒரே அமெரிக்க ஜனாதிபதி அவர்தான்.

அரசியலை விட்டு ஒதுங்கியிருந்தவரை மறுபடி இழுத்து வந்தது 1854-ம் வருஷச் சட்டம் ஒன்று. புதிதாகக் குடியேறும் மேற்குப் பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளலாம் என்றது அது. கொண்டு வந்தவர் இல்லினாயின் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ். கேட்பதற்கு ஜனநாயகமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் விற்கப்படுகிறவனுக்கு அதில் ஓட்டு இல்லை. லிங்கன் பிடித்துக்கொண்ட இடம் இதுதான்.

1855 பிப்ரவரியில் செனட் பதவிக்கு இல்லினாய் சட்டசபையில் ஓட்டெடுப்பு. முதல் சுற்றில் லிங்கன்தான் முதலிடம். லைமன் டிரம்புல் என்பவருக்கு வெறும் 5 ஓட்டு. டிரம்புல் ஜனநாயகக் கட்சிக்காரர், ஆனால் அந்த 1854 சட்டத்தை எதிர்த்தவர். சுற்று மேல் சுற்றாகப் போனது. லிங்கனுக்கு வேண்டிய சில ஓட்டுகள் கடைசிவரை வந்து சேரவில்லை. அதற்குள் சட்டத்தை ஆதரிக்கும் தரப்பு மாட்டிசன் என்பவரைக் கொண்டு வந்து நிறுத்த, அவர் ஜெயித்துவிடும் நிலைமை. பத்தாவது சுற்றில் லிங்கன் தன்னோடு மிச்சமிருந்த 15 பேரையும் டிரம்புல்லுக்குப் போடச் சொல்லிவிட்டார். 5 ஓட்டில் ஆரம்பித்தவர் செனட்டர் ஆனார்! ஆதரவாளர்கள் சிலர் கண்ணில் தண்ணீர் விடாத குறை. தோல்விப் பட்டியலில் இது ஒரு வரி. நான் பார்த்தவரையில் ஒரு வேட்பாளர் கண்ணைத் திறந்துகொண்டே விட்டுக்கொடுத்த பதவி இது. இடம் தனக்கு வராவிட்டாலும் போகக்கூடாதவரிடம் போகக்கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

1858-ல் அதே டக்ளஸை எதிர்த்துக் குடியரசுக் கட்சி வேட்பாளர். ஏழு ஊர்களில் இருவரும் ஒரே மேடையில் மோதினார்கள். ஒருவர் ஒரு மணி நேரம், அடுத்தவர் ஒன்றரை மணி நேரம், மறுபடி முதலாமவர் அரை மணி நேரம். மைக் கிடையாது! ஆயிரக்கணக்கான ஜனம் வெட்டவெளியில் நின்று கேட்டது. இதில் மனதுக்குக் கஷ்டமான விஷயம் ஒன்று இருக்கிறது. சார்ல்ஸ்டன் கூட்டத்தில், கறுப்பர்களுக்கு வெள்ளையரோடு சம அந்தஸ்தும் ஓட்டுரிமையும் தருவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று லிங்கன் பேசினார். ஓட்டுக்காகப் பேசினாரா, அன்றைக்கு மனசும் அதுதானா என்று சண்டை போடலாம். பேசினது பேசினதுதான். அடிமை முறை தவறு என்பதில் மட்டும் ஏழு மேடையிலும் அவர் நகரவில்லை. முடிவில் சட்டசபையில் டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46. ஜனங்கள் போட்ட ஓட்டு மொத்தத்தில் லிங்கன் கட்சி வேட்பாளர்கள்தான் முன்னால் இருந்தார்கள். தொகுதிகள் பிரிக்கப்பட்டிருந்த விதம் காலை வாரியது.

ஆனால் அந்தப் பேச்சுகள் பத்திரிகைகளில் வந்து நாடு முழுக்கப் பரவியிருந்தன. 1860-ல் சிகாகோ மாநாட்டில், எல்லோரும் எதிர்பார்த்த சீவார்டைத் தாண்டி மூன்றாவது சுற்றில் லிங்கன் ஜனாதிபதி வேட்பாளரானார். அந்தக் கால வழக்கப்படி தனக்காகத் தானே பிரச்சாரம் செய்யப் போகவில்லை, வீட்டில்தான் இருந்தார்.

நவம்பர் 6, ஓட்டுப் பதிவு நாள். அப்போது அரசாங்கம் அச்சடிக்கும் ஓட்டுச் சீட்டு கிடையாது. அந்தந்தக் கட்சியே தன் வேட்பாளர்கள் எல்லோருடைய பெயரையும் ஒரே சீட்டில் அடித்துக் கொடுக்கும். மேலே ஜனாதிபதி பதவிக்கான பெயர்கள், கீழே கவர்னர் முதல் மாநிலப் பதவிகள் வரை. ஸ்பிரிங்ஃபீல்டில் ஓட்டுப் போட வந்த லிங்கன், சீட்டின் தலைப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் போட்டார். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை, மாநில வேட்பாளர்களுக்கு மட்டும் போட்டார்! நம்ம யூனியன் தேர்தலில் இப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அவர் பெயர் போட்ட சீட்டை விநியோகிக்கவே ஆளில்லை. நாலுமுனைப் போட்டியில் கிட்டத்தட்ட 40 சதவீத ஓட்டு வாங்கி, மாநில வாரியான எலெக்டர் ஓட்டில் 303-க்கு 180 பெற்று ஜெயித்தார். அவர் பதவி ஏற்பதற்குள் ஏழு மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரிந்துவிட்டன. 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர்.

போரைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1864-ம் வருஷக் கோடை. நாலு வருஷம் முடிந்தது, தேர்தல் வந்துவிட்டது. ஆயிரமாயிரமாகச் சாவு, ஜனங்களுக்குச் சலிப்பு. ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று சொந்தக் கட்சித் தலைவர்களே வந்து சொன்னார்கள். அடிமைகளுக்குத் தந்த விடுதலையைப் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுத்தால் சமாதானம் வரலாம், ஓட்டும் வரலாம் என்ற யோசனைகள் வேறு. விட்டுக்கொடுக்கவில்லை. தேர்தலைத் தள்ளிவைக்கவும் இல்லை. நாடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, தள்ளிவைத்தால் கேட்க ஆள் உண்டா? ஆகஸ்ட் 23-ல் ஒரு தாளில் எழுதினார். நாம் தோற்பது அநேகமாக நிச்சயம், தோற்றால் புதியவர் பதவி ஏற்கும் நாளுக்குள் அவரோடு சேர்ந்து நாட்டைக் காப்பாற்ற முயல்வது நம் கடமை என்பது அதன் சாரம். தாளை மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே மந்திரிகளிடம் பின்புறத்தில் கையெழுத்து வாங்கி வைத்தார். எதிர்த்து நிற்கப்போகிறவர், இவரே தளபதி பதவியிலிருந்து நீக்கிய மெக்லெல்லன்!

செப்டம்பர் 2-ல் ஜெனரல் ஷெர்மனின் படை அட்லாண்டாவைப் பிடித்தது. காற்று திரும்பியது. ஆனால் இன்டியானாவில் ஒரு சிக்கல். அங்கே மாநிலத் தேர்தல் அக்டோபரிலேயே. முகாமில் இருக்கும் சிப்பாய் அங்கிருந்தே ஓட்டுப் போட அந்த மாநிலச் சட்டத்தில் இடமில்லை. மாநிலம் கைவிட்டுப் போனால் போருக்கு ஆளும் பணமும் வருவது நிற்கும். லிங்கன் ஷெர்மனுக்குக் கடிதம் எழுதினார். இது உத்தரவு இல்லை, முடிந்தால் இன்டியானா வீரர்களை மாநில ஓட்டுக்கு வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். இதில் கவனிக்க வேண்டியது, நவம்பரில் நடக்கும் ஜனாதிபதி தேர்தலுக்கு அவர்கள் தங்க வேண்டாம், உடனே திரும்பிவிடலாம் என்றும் சேர்த்து எழுதியதுதான். கவர்னர் மார்ட்டன் ஜெயித்தார். நவம்பர் 8-ல் லிங்கன் 212, மெக்லெல்லன் 21. முகாம்களில் தனியாக எண்ணப்பட்ட சிப்பாய்களின் ஓட்டில் நாலில் மூன்று பங்குக்கு மேல் லிங்கனுக்கு. யுத்தத்தை முடிக்காதவர் என்று யாரைச் சொன்னார்களோ அவருக்கே, யுத்தத்தில் சாகப்போகிறவர்கள் ஓட்டுப் போட்டார்கள். மூன்று நாள் கழித்து அந்த மடித்த தாளைப் பிரித்து மந்திரிகளுக்குப் படித்துக் காட்டினார்.

1865 ஜனவரி 31-ல் அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாவது திருத்தம் காங்கிரஸில் நிறைவேறி மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போனது. முதலில் ஒப்புதல் கொடுத்தது எது தெரியுமா? அவரை முதல் தேர்தலில் எட்டாவது இடத்தில் தள்ளிய அதே இல்லினாய்.

ஏப்ரல் 9-ல் தெற்குத் தளபதி லீ சரணடைந்தார். ஏப்ரல் 11-ல் வெள்ளை மாளிகைக்கு வெளியே கூடியிருந்த கூட்டத்துக்கு முன் லிங்கன் பேசினார். படித்த கறுப்பர்களுக்கும், படையில் இருந்த கறுப்பர்களுக்கும் ஓட்டுரிமை கொடுப்பதைத் தான் விரும்புவதாகச் சொன்னார். சார்ல்ஸ்டன் மேடைக்கும் இதற்கும் ஏழு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகனும் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் இரவு ஃபோர்ட் நாடகக் கொட்டகையில் அவன் சுட்டான். மறுநாள், 1865 ஏப்ரல் 15 காலையில், லிங்கன் காலமானார். வயது 56.

நிறத்தைக் காட்டி ஓட்டு மறுக்கக்கூடாது என்ற திருத்தம் 1870-ல் வந்தது. வரிவிதிப்பு, படிப்புச் சோதனை என்று சாக்குச் சொல்லித் தெற்கு மாநிலங்கள் அதையும் முடக்கி வைத்தன. 1965-ல் மத்திய அரசு தனிச் சட்டம் போட்ட பிறகுதான் அங்கே கறுப்பர்கள் பெருவாரியாகத் தங்கள் பெயரைப் பதிவு செய்து ஓட்டுச் சாவடிக்குள் போக முடிந்தது.